வாசல் தாண்டாத நாய்க்குட்டி

ஆட்டுக் கொட்டகைக்கும் மல்லிக் காட்டுக்கும் காவலாக இருக்கும் என்று நம்பி வாங்கி வந்த குட்டி, வாசற்படியைத் தாண்டாமல் வாலை இடுக்கிக்கொண்டு நடுங்கினால் விவசாயிக்கு எரிச்சல் வருவது இயற்கை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் இப்படிப்பட்ட குட்டியைப் பார்த்ததும் "பயந்தாங்கொள்ளி ஜாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் கண்மாய்க் கரையில் கொண்டுபோய் விட்டுவிடவும் செய்கிறார்கள். அவசரத் தீர்ப்பு இது. இப்படிப் பயப்படும் குட்டிகளில் பெரும்பாலானவற்றை வளர்த்தவர்களே பயப்பட வைத்திருக்கிறார்கள்.

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியாயிற்று. ஆனால் மூன்று ஏக்கர் மானாவாரியை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய நாய்க்குத் தீனி போடுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவேதான் குட்டை நாட்டு நாயோ, பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளைச் சடை நாயோ சிறு விவசாயி வீட்டுக்கும் வந்துவிட்டது. தீனி கொஞ்சம், குரைப்பு அதிகம். ஆள் வருவதை முன்கூட்டியே சொல்ல அது போதும். ஆனால் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் நாய் எதைச் சொல்லப் போகிறது?

நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் பருவம் மிகக் குறுகியது. ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கி மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் சில குட்டிகளை உயர்ந்த வேலிக்குள் விட்டு, 14 வாரம் வரை மனிதர் யாரும் பழகாமல் வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 1961-ல் வெளியாயிற்று. வேட்டை மிருகம் ஒன்றுமல்ல, காக்கர் ஸ்பேனியல், பீகிள் ஆகிய வீட்டு இனங்கள்தான். ஆனால் அந்தக் குட்டிகள் காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு ஓடின. இடையிடையே ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்ட குட்டிகளோ வெகுவாகத் தேறியிருந்தன.

இந்த உண்மையை அறிய அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. கிடை போடும் கீதாரிகளின் நாய்களைப் பார்த்தாலே விளங்கும். அவை ஆடுகளுக்கு நடுவிலேயே பிறக்கின்றன. கண் திறந்த நாள் முதல் காற்று, மழை, லாரி, இருட்டு எல்லாம் பழக்கம். அவற்றுக்கு யாரும் தைரியம் சொல்லிக் கொடுப்பதில்லை. அதேபோல் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்த குட்டிக்குத் தறி ஒரு பொருட்டல்ல. வெட்டவெளிக் கரிசல் காடுதான் அதற்குப் பூதம்.

கட்டிப்போட்டு வளர்த்தால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் பலமாக இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியைத் தூணில் கட்டினால் அதற்கு வருவது ரோஷமல்ல, பீதி. பயந்த நாய் திருடனைக் கடிப்பது அபூர்வம். ஓடிவந்து தொடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுப்பது அதைவிட மோசம். ஒரு தடவை இழுத்தால் ஒரு மாத வேலை கெட்டுப்போகும்.

செய்ய வேண்டியது சுலபம், பொறுமைதான் வேண்டும். கதவைத் திறந்துவைத்து, படியின் மேல் ஒரு துண்டு வேகவைத்த முட்டையையோ உப்புப் போகக் கழுவிச் சுட்ட கருவாட்டையோ வைக்கலாம். குட்டி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினால் ஓடட்டும். மறுநாள் அதே துண்டு படிக்குக் கீழே. அடுத்து வேப்பமரத்தடி. திரும்பி ஓட வழி இருக்கிறது என்று தெரிந்த குட்டிதான் முன்னால் அடி எடுத்து வைக்கும். சாதுவான பெரிய நாய் ஒன்று கூட வந்தால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். பாட்டிமார் களையெடுக்கப் போகும்போது குட்டியை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் வரப்பில் இறக்கிவிடுவதும் நல்ல முறையே. ஆனால் சின்ன நாய்தானே என்று எப்போதும் இடுப்பிலேயே வைத்திருந்தால் அது தரையைக் கற்றுக்கொள்ளாது. ஒரு முழ உயரம்கூட இல்லாத குட்டிக்கு வெள்ளாடே யானை போலத் தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. நடுங்கும்போது தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வார்கள். அது சரியல்ல, தாராளமாகத் தடவலாம்.

பயம் என்று நினைப்பது சில சமயம் வலியாகவும் இருக்கும். சீமைக்கருவேல் முள்ளும் நெருஞ்சியும் இல்லாத பாதை இந்த வட்டாரத்தில் ஏது? பாதத்தை விரித்து விரல் இடுக்கில் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மனிதர் வெறுங்காலோடு நிற்க முடியாத தரையில் குட்டியை நடக்கவிடுவது கொடுமை. சடை நாய்க்கு வெப்பம் இன்னும் பாதிப்பு. காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போதும். தீனி எடுக்காமலோ நொண்டிக்கொண்டோ இருந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பூசி முடியும் வரை தெருநாய்கள் திரியும் இடத்தில் இறக்கிவிடக் கூடாது. பார்வோ நோய் குட்டிகளைக் கொன்றுவிடும். அதற்காக வீட்டுக்குள் பூட்டி வைத்தால் பழகும் பருவம் போய்விடும். சொந்த முற்றமும் சொந்தக் காடும் அந்நாட்களுக்குப் போதும். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, மற்றவை மருத்துவர் சொல்கிறபடி.

ஆறு மாதம் தாண்டிய நாயையும் பழக்கலாம். ஆனால் குட்டிக்கு வாரக் கணக்கென்றால் அதற்கு மாதக் கணக்கு. பங்குனிப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டுப் போடும் நாளில் மட்டும் எந்த நாயையும் வெளியே பழக்கக் கூடாது. அன்று உள்ளறையில் ஒரு சாக்கை விரித்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்து, வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் போதும்.