சாட்சியாக வாங்கோ ஐயா, தலைவராக வேண்டாம்

ஆற்றைக் காக்க ஒரு குழு தொடங்கினால் எங்கட ஆக்கள் முதலில் தேடுவது ஓய்வுபெற்ற ஒரு பெரிய மனிசரைத்தான். வங்கி முகாமையாளர், கம்பனிப் பணிப்பாளர், அப்படி ஒருத்தர். "சம்பளம் வாங்காமல் சேவை செய்ய வாறார்" எண்டு மாலை போட்டு நடுக்கதிரையில் இருத்திவிடுவார்கள். சம்பளம் வாங்காதது எப்ப தகுதியானது? முப்பது வருசம் சம்பளம் வாங்கின காலத்தில் அவர் எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்து வைத்தார் எண்டு யாரும் கேட்பதில்லை. வயசுக்கு மரியாதையாம்.

களனியை எடுங்கோ. கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இந்த இரண்டையும் மறித்துக் கட்டியவைதான் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். சுற்றிவரத் தேயிலைத் தோட்டம், லயன்கள். மவுசாகலையில் தண்ணி வத்தினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் இப்பவும் வெளியே தெரியும். அங்கிருந்து இறங்கி, தொழிற்சாலைகளைத் தாண்டி, அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிதண்ணி கொடுத்துவிட்டு மட்டக்குளிப் பக்கம் கடலில் சேருது. ஆற்றின் தலையிலும் வாலிலும் நாட்கூலிச் சனம் இருக்கு, அதில் கனபேர் தமிழ் பேசுறவை. இந்த ஆற்றுக்கான கூட்டத்தைக் கொழும்பு ஹோட்டல் ஒன்றில், வேலைநாள் காலை பத்து மணிக்கு, இங்கிலீசில் வைத்தால் யார் வரலாம்? கொழுந்து எடுக்கிற அக்கா ஒருநாள் பேரை இழந்துதான் வரவேணும். ஓய்வூதியக்காரருக்குத்தான் தொண்டு கட்டுப்படியாகும்.

2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி ரதுபஸ்வலவில் சுத்தமான தண்ணி கேட்டு வீதிக்கு இறங்கின சனத்தை இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். அவர்களும் சம்பளம் வாங்காமல்தான் வந்தவர்கள். மாலையோ கதிரையோ யாரும் கொடுக்கவில்லை.

அப்ப நிர்வாகிகளே வேண்டாமா? கட்டாயம் வேணும். 2015 ஆகஸ்ட்டில் கொக்கா கோலா ஆலையிலிருந்து டீசல் கசிந்து களனியில் கலந்து, அம்பத்தளையில் தண்ணி எடுப்பதையே நிறுத்தவேண்டி வந்தது. எந்த ஆலையிலும் குழாய் நிலத்துக்கடியில் எங்கே போகுது, சுத்திகரிப்பு இயந்திரம் எத்தனை மணிக்கு நிற்கும், பரிசோதகர் வந்தால் எதைக் காட்டுவது, இதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். ஆற்றுக்கு அவரால் கொடுக்கக்கூடிய பெரிய கொடை அந்த அறிவுதான். ஆனா எங்கட ஐயாமார் அதைப் பூட்டிவைத்துவிட்டு மரக்கன்று நடுகினம், சிரமதானத்தில் பொலித்தீன் பொறுக்கிப் படம் எடுக்கினம். (கையுறை மட்டும் எப்பவும் புதுசு.)

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பக்கமே வைக்கட்டும். ஐயா ஒரு ஓரமாக இருந்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். தலைமைக் கதிரையில் அந்தத் தண்ணியைக் குடிக்கிற ஒருத்தர் இருக்கட்டும்.

அடுத்தமுறை உங்கட ஊரில் இப்படி ஒருவரை முன்மொழிந்தால் எழும்பிக் கேளுங்கோ: "ஐயா, உங்கட கம்பனியின்ர சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் கழிவுநீருக்கு என்ன நிபந்தனை இருந்தது?" மறந்துபோச்சு எண்டு சொன்னால் பரவாயில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு நாங்களே விண்ணப்பம் போடலாம். தருவதா இல்லையா எண்டு அவர்கள் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேணும்.