அம்மா கட்டை அடுக்குவதையும் எழுதலாமே



கோவில்பட்டியில் கல்லூரி முதலாமாண்டு படிக்கிறேன். எழுத்துப் பயிற்சி வகுப்பில் 'என்னைப் பற்றி' எழுதச் சொன்னால் பாதிப் பேர் அப்துல் கலாம் பொன்மொழியில் தொடங்கி லட்சியத்தில் முடிக்கிறோம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குவதும், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் கரிசலும், விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற தாத்தாவும் யார் நோட்டிலும் இல்லை.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இடைசெவல் கி.ராஜநாராயணன், கரிசல் சனங்களை எழுதித்தான் 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அதே ஊர் கு.அழகிரிசாமிக்கு 1970இல். உருளைக்குடி சோ.தர்மனின் 'சூல்', கண்மாயைப் பற்றிய நாவல். 2019இல் விருது பெற்றது. எல்லாரும் பக்கத்து ஊர்க்காரர்கள்! இவர்கள் கதை ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு எங்களை எழுதச் சொல்லலாம். பொன்மொழிக்குப் போடுகிற மார்க்கைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது.

– ஒரு மாணவி, கோவில்பட்டி