பல கை தைத்த போர்வை

ஜுபிலி என்றதும் நிதி. நிதி என்றதும் நன்கொடையாளர் பட்டியல். ஆயிரம் ஈந்தவர் பெயர் தலைப்பில் நிற்கப் பத்து ஈந்தவர் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதனுள் மறைதல் நம்மிடையே வழக்காகிவிட்டது. இவ்வழக்கினைக் குறித்து அன்பர்களோடு சிறிது ஆராய விரும்புகின்றோம். அமெரிக்கப் பெண்டிரின் தையற்கலை ஒன்று இதற்குத் துணையாகின்றது.

‘குயில்ற்’ எனப்படும் போர்வை, துணித்துண்டுகளைப் பொருத்தி மேல்விரிப்பாக்கி, நடுவே பஞ்சும் அடியில் வேறொரு துணியும் வைத்து, மூன்றையும் ஊடுருவத் தைத்து முடிப்பதாகும். தனித்துச் செய்வார்க்கு மாதங்கள் பல செல்லும். ஆதலின் அயலார் பலர் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து கூடித் தைப்பர்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் இக்கலை அறப்பணிக்கு உதவிற்று. 1917 டிசம்பரில் ‘மொடேண் பிரிசில்லா’ என்னும் மகளிர் சஞ்சிகை, பெயர்ப் போர்வை தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஆயிரம் டொலர் திரட்டும் வழியினை வெளியிட்டது. சிறுதொகை கொடுத்தவர் பெயரும் துணியில் நூலால் தைக்கப்பட்டது. முடிந்த போர்வை பின்னர் ஏலத்தில் விடப்பட்டது. ஒரே போர்வை இருமுறை பொருள் ஈட்டியவாறு இது. கனடாவின் நியூ ஹம்பேர்க்கில் மெனனைற் சபையார் 1967இல் தொடங்கிய நிவாரண விற்பனையிலும் தொண்டர் தைத்த போர்வைகளின் ஏலம் சிறப்பிடம் பெற்றது.

“துணிக்கும் உழைப்புக்கும் ஏலவிலை ஈடாகுமா? பணமாகவே கொடுக்கலாமே” என்பார் உளர். கணக்கு மெய்யே. ஆயினும் காசோலையில் ஒப்பமிட்டவர் அக்கணமே விலகிவிடுகின்றார். ஊசி பிடித்தவரோ அயலில் இருப்பவர் வேலைக்கும் பொறுப்பாகின்றார். தொண்டுதானே என்று கைசோர அங்கு இடமில்லை. கட்டம் ஒவ்வொன்றும் அரைக்கால் அங்குலம் குறையின், பன்னிரண்டு கட்டங் கொண்ட வரிசை ஒன்றரை அங்குலம் குறுகிவிடும், போர்வை கோணிப்போகும்.

பெயர்ப் போர்வையிலும் நடுவிடத்துக்கு மிகுதியாக அறவிட்டோர் உண்டு. அக்குறை நமக்கு வேண்டா; கூடித் தைத்த குணமே வேண்டும். பிடியரிசி சேர்த்து அறம் வளர்த்த மரபினர் நாம். பானையில் விழுந்தபின் எவர் பிடி எதுவென்று யார் அறிவார்?

ஆதலின் எமது விண்ணப்பம் இரண்டு. ஜுபிலி நிதிப் பட்டியலில் தொகையை விடுத்துப் பெயர்களை அகரவரிசையில் அச்சிடுக. பணம் இல்லாதாரிடம் பணியைக் கேட்டுப் பெறுக: நூல்நிலையப் புத்தகங்களுக்கு மட்டை கட்டவும், உடைந்த வாங்குகளைத் திருத்தவும், சுவர்களுக்கு வெள்ளையடிக்கவும் வல்ல பழைய மாணவர் நம்முள் பலர் உளர். அழைப்பார் இன்மையாலேயே அவர் படலைக்கு வெளியே நிற்கின்றனர். அவரையும் மாணவரையும் ஓரிடத்தில் அமர்த்துவோமாயின், விழா முடிந்தபின்னும் கல்லூரிக்கு எஞ்சுவது கட்டடம் மாத்திரமன்று.