சுமை ஏற்றாத டிரக்குகள்

எஞ்சின் ஒலியைக் கேட்டே வண்டியின் பெயரைச் சொல்லிவிடுகிற பித்து நமக்கும் உண்டு. ஆகவே, அமெரிக்காவில் டிரக்குகளும் அதிவேகக் கார்களும் வாங்கப்படும் விதத்தைப் பற்றி நாம் கூறுவதை, அதே பித்துப் பிடித்தவர்களின் குறையாகவே வாசகர்கள் கொள்ள வேண்டும்.

ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்பனையாகும் பிக்கப் டிரக்காக இருந்து வருகிறது. விவசாயிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது கைக்கருவி. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் நகரத்து வீடுகளின் முன் நிற்கும் பல டிரக்குகளின் பின்தொட்டியில் ஒரு கீறல்கூட இருப்பதில்லை. இதற்கு வாங்குவோரின் ஆசை மட்டுமே காரணமன்று. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1964-இல் லிண்டன் ஜான்சன் அரசு இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை மறந்துபோயிற்று. வரி மட்டும் நிலைத்துவிட்டது. உலகின் பாதியைச் சுமக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் இன்று அங்கே விற்பனைக்கே இல்லை. போட்டி குறைந்த சந்தையில் உள்நாட்டு டிரக்குகள் ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே வந்தன.

பருத்ததன் விலையைக் கொடுப்போர் வண்டிக்கு வெளியே இருக்கின்றனர். பானெட்டின் உயரம் 40 அங்குலத்துக்கு மேலுள்ள வண்டிகள் பாதசாரிகள் மீது மோதினால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ உள்ள, முன்புறம் சரிந்த வண்டிகளைவிட, மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வமைப்பு 2023-இல் கண்டறிந்தது. நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ அந்த 40 அங்குலம்தான். ஜும்ஆ முடிந்து பிள்ளைகள் ஓடித் திரியும் வாகன நிறுத்துமிடத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கடன். வட்டியைப் பற்றி இங்கே எடுத்துரைக்கத் தேவையில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். 60,000 டாலர் டிரக்கை 8 சதவீத வட்டியில் 84 மாதத் தவணைக்கு எடுப்பவர் வட்டியாக மட்டும் ஏறத்தாழ 18,500 டாலர் செலுத்துகிறார். ஆண்டுக்கு இரண்டு முறை சோபாவும் மரப்பலகையும் ஏற்றுவதற்கா இது? வீட்டுச் சாமான் கடைகளில் மணிக்கணக்கில் டிரக் வாடகைக்குக் கிடைக்கிறதே!

அதிவேகக் கார்களிலும் இதே மயக்கம்தான். டிரக்கையே பந்தய வண்டியாக்கிய ஃபோர்டு ராப்டர் ஆர் 2023-இல் 700 குதிரைத்திறனோடு வந்தது. அந்நாட்டின் மிக உயர்ந்த வேக வரம்போ, டெக்ஸாஸின் ஒரு சுங்கச்சாலையில் மணிக்கு 85 மைல். மீதிக் குதிரைகள் லாயத்திலேயே கட்டிக் கிடக்கின்றன. 1989-இல் அறிமுகமான மாஸ்டா மியாட்டாவின் இன்றைய தலைமுறைக்கு 181 குதிரைத்திறன், ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை. வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, ஸ்டீயரிங்கில் சாலையை உணர்ந்து, வேக வரம்புக்குள்ளேயே அதன் முழுத் திறனையும் நெருங்கிவிடலாம். மேற்சொன்ன வட்டித் தொகைக்கே பழைய மியாட்டா ஒன்று கைக்கு வந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

உண்மையிலேயே டிரக் தேவைப்படுவோர் பழையதை ரொக்கத்துக்கு வாங்குவதே நம் பரிந்துரை. பனி பெய்யும் மாநிலங்களில் சாலையில் தூவும் உப்பு அடிச்சட்டத்தை அரித்துவிடும். பளபளப்பில் மயங்காமல் கீழே படுத்துப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த வண்டி எவ்வளவு எடை சுமக்கலாம் என்பது அதில் உள்ளது. தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் கூடக் கூட அந்த எண் குறைந்துகொண்டே போகும். விற்பனையாளர் பெரும்பாலும் அதைக் காட்டுவதில்லை. நாமே குனிந்து படித்துக்கொள்ள வேண்டும்.