குகைக்குத் 'தொடக்கநிலை' உண்டோ?

நீரடி ஸ்கூட்டர் எனப்படும் கருவி புதியதன்று. மின்கலத்தால் இயங்கும் சுழல்விசிறியொன்று சுழியோடியை நீரினூடே இழுத்துச் செல்கின்றது. அதன் தத்துவம் அவ்வளவே. புதியது அதன் விலை. லிதியம் மின்கலங்கள் மலிந்ததன் பயனாக, முன்னர் பொருளும் தொழில்நுட்பக் கைத்திறனும் உடைய சிலர்க்கே கிட்டிய இக்கருவி, இன்று 'தொடக்கநிலை' என்னும் அடைமொழியுடன் பலர் கைக்கும் எட்டுவதாயிற்று. அதனை விற்போரும், விற்போரின் விளம்பரத்தையே மதிப்பீடு எனக் கொள்வோரும், இது பவளப்பாறைகளைக் கண்டு களிப்பதற்கு மட்டுமன்றிக் குகைச் சுழியோட்டத்துக்கும் போதுமானது எனக் கூறத் தலைப்பட்டுள்ளனர். இக்கூற்று ஆராய்வார் முன் நிலைக்கத்தக்கதன்று.

அவர்கள் கையாளும் அளவுகோல்கள் யாவை? வேகம், ஓடும் நேரம், ஆழ எல்லை, விலை என்பனவே. இவை யாவும் கருவி ஓடிக்கொண்டிருக்கும் நிலையை அளப்பவை. திறந்த கடலுக்கு இவை போதும். கருவி நின்றால் சுழியோடி மேலெழுந்து வானத்தைக் காண்பான். குகையில் அவன் தலைக்கு மேலிருப்பது பாறை. வந்த வழியே மீள்வதன்றி அவனுக்கு வேறு கதியில்லை. ஆகவே, கருவி நின்றபின் என்ன நிகழும் என்பதே அங்கு முதற்கேள்வியாகும். விளம்பரத்தாள்கள் விடையளிக்காத கேள்வியும் அதுவே.

அமெரிக்கச் சுழியோடியான ஷெக் எக்ஸ்லி, புளோரிடாவின் நீரூற்றுக் குகைகளில் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூல், இத்துறையின் விதிகளுக்கு அடித்தளமாயிற்று. வாயிலிலிருந்து அறாத வழிகாட்டு நூலைப் பின்பற்றுதல், வாயுவில் மூன்றிலொரு பங்கை மட்டுமே உட்செல்லப் பயன்படுத்துதல் என்பன அவற்றுட் சில. இரண்டாம் பங்கு மீள்வதற்கு. மூன்றாம் பங்கு இடருக்கும் தோழனுக்கும். நீந்திச் செல்வோனுக்கு இவ்விதி பொருந்தும். ஸ்கூட்டரில் செல்வோனுக்கு இதுவே பொறியாக மாறும் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும்.

12 லீற்றர் உருளைகள் இரண்டு, 200 பார் அமுக்கத்தில்: மொத்தம் 4800 லீற்றர் வாயு. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவன், 30 மீற்றர் ஆழத்தில் 80 லீற்றரைச் செலவிடுவான். மூன்றிலொரு பங்காகிய 1600 லீற்றர் 20 நிமிடத்துக்குப் போதும். நிமிடத்துக்கு 50 மீற்றர் வேகத்தில் அவன் 1000 மீற்றர் உட்சென்றுவிடுகின்றான். அங்கு கருவி நிற்கின்றது. எஞ்சிய 3200 லீற்றரும் 40 நிமிடத்துக்கே போதும். நிமிடத்துக்கு 15 மீற்றராக நீந்தி அவன் 600 மீற்றர் வரலாம். வாயிலுக்கு இன்னும் 400 மீற்றர் உண்டு. மலிவான கருவி அத்துணை வேகமுடையதன்று, எனவே ஆபத்தும் குறைவு என்பாரும் உளர். வேகம் 30 மீற்றராயினும் கணக்கு வாயிலிலேயே முடிகின்றது. தோழனுக்கென ஒரு மூச்சும் எஞ்சாது. அச்சத்தால் சுவாசம் பெருகுவதை இக்கணக்கு சேர்க்கவேயில்லை.

ஊற்று நீர் வெளிநோக்கிப் பாய்வதால் மீள்வது எளிதென மறுமொழி கூறப்படுவதுண்டு. புளோரிடாவின் பல குகைகளில் அது உண்மையே. நீரை உள்ளிழுக்கும் குகைகளும் அங்கேயே உள்ளன என்பதை அவர்கள் ஏனோ சொல்வதில்லை.

கருவியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. மலிவானவற்றுட் பல, இரு கைகளாலும் பற்றிப்பிடிக்க வேண்டியவை. குகையில் ஒரு கை விளக்குக்கும் வழிகாட்டு நூலுக்கும் உரியது. இதனாலேயே குகைக்கென ஆக்கப்பட்டவை, சுழியோடியின் கவட்டுவாரிலுள்ள வளையத்தில் கயிற்றால் இணைக்கப்பட்டு, ஒரு கையால் இயக்கப்படுகின்றன. ஆழ எல்லையும் அவ்வாறே: பலவற்றுக்கு அது 30 அல்லது 40 மீற்றர், வகுல்லா நீரூற்றுக் குகையோ ஏறத்தாழ 90 மீற்றர் ஆழத்தில் நீள்கின்றது. லிதியம் மின்கலம் பழைய ஈயக்கலம்போல் மெல்ல மெல்லச் சோர்வதுமில்லை. காப்புச் சுற்று துண்டித்ததும் ஒரு கணத்தில் நின்றுவிடும்.

இவ்விடத்து எதிர்வாதமொன்று எழும்: விலையுயர்ந்த கருவிகளும் பழுதடைகின்றனவே, மலிவானதைப் பழிப்பது வசதி படைத்தோரின் செருக்கல்லவா? வாதத்தின் முற்பாதி முற்றிலும் உண்மை. ஆயின் அது எதனை நிறுவுகின்றது? 2007 டிசம்பரில் டர்னர் சிங்க் என்னும் வாயிலிலிருந்து வகுல்லா வரை ஏறத்தாழ 11 கிலோமீற்றரை நீருக்கடியிற் கடந்த இருவரும், தத்தம் கருவி பழுதடையும் எனக் கொண்டே மாற்றுக் கருவிகளையும் உடன் கொண்டனர். வழியில் மேலதிக உருளைகளும் முன்னரே வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கருவியையும் நம்பாமையே அவர்தம் முறை. மலிவுக் கருவியை வாங்குவோன் ஒன்றையே வாங்குகின்றான். மாற்றுக் கருவிக்குப் பொருளிருந்தால் அவன் மலிவானதைத் தேடியிரான். விலையைப் பற்றிய வாதம் இவ்வாறு தன்னையே மறுக்கின்றது.

மெக்சிக்கோவின் யுகற்றான் குகைகளில் இழப்பு சுழியோடியுடன் நிற்பதில்லை. பனியுகக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, குகைகள் வறண்டிருந்தபோது துளிதுளியாக உருவான சுண்ணக்கற் தூண்களும் ஊசிகளும் இன்று நீருள் நிற்கின்றன. அவை இனி வளரா. மிதப்பைக் கட்டுப்படுத்தப் பயிலாதவனை இழுத்துச் செல்லும் பொறி அவற்றை முறித்தால் ஈடுசெய்வார் எவருமிலர். சுழல்விசிறி கிளப்பும் வண்டல், பின்வருவோனின் பார்வையையும் மறைக்கும்.

மதிப்பிடுவோர் மதிப்பிடட்டும். ஆனால் கருவியைத் திறந்த நீரில் முழு உடைகலங்களோடு மின்கலம் தீரும்வரை ஓட்டி, நின்ற கருவியைத் தாமே இழுத்துக்கொண்டு நீந்தி மீண்டு, அந்நேரத்தையும் செலவான வாயுவையும் எழுதட்டும். கூட்டினுள் ஒரு லீற்றர் நீர் புகுந்தால் கருவி ஒரு கிலோகிராம் கனக்கும். முற்றாக நிரம்பினால் எத்துணை கனக்கும் என்பதையும், இயக்கு விசை இறுகி நிற்க மறுத்தால் அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதையும் எழுதட்டும். வேகத்தைப் பற்றிய பத்தியை அதன் பின்னர் எழுதலாம்.