பியூஸ் போனதா, போர்டு போனதா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மைக்ரோவேவ் ஓவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்குள்ளும் ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் இருக்கிறது. கீபேட், டிஸ்ப்ளே, பவர் சப்ளை எல்லாம் இருக்கின்றன. அது வேலை செய்யும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, நம் வைபை ரூட்டர் பயன்படுத்தும் பட்டைக்குள்தான் வருகிறது. ஓவன் ஓடும்போது சில வீடுகளில் இன்டர்நெட் மந்தமாவது இதனால்தான். ஆகவே, அதுவும் நம் குடும்பத்து உறுப்பினர்தான்!

என் அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அடுப்பு முன் அதிக நேரம் நிற்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சமைத்துத் தருவதை ஓவனில் சூடு செய்து சாப்பிடுவார். ஒருநாள் காலை போன் வந்தது. "ஏப்பா, ஓவன் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. லைட்டே எரியல."

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வழக்கமான பதிலைச் சொன்னேன். "பிளக்கைப் பிடுங்கிட்டு திரும்பச் சொருகிப் பாருங்கம்மா." பலனில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொன்னேன். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "டிஸ்ப்ளே வரல, போர்டு போச்சு. 4,600 ரூபாய் ஆகும். ஏழு வருஷ மாடல், புதுசாவே வாங்கிடுங்க" என்று சொல்லி, வந்து பார்த்ததற்கு 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார இறுதியில் ஸ்க்ரூ டிரைவருடன் நானே மதுரைக்குப் போனேன். எத்தனை கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்திருக்கிறேன், இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. பியூஸ் வாங்கத் தெருமுனையில் உள்ள டிவி ரிப்பேர் கடைக்குப் போனதுதான் என் நல்ல நேரம். விஷயத்தைச் சொன்னதும் அந்த அண்ணன், "தம்பி, நீங்க தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்கு உயிர் இருக்கும்" என்றார்.

உள்ளே என்ன இருக்கிறது?

அவர் சொன்னது உண்மை. நம் வீட்டு 230 வோல்ட்டை ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் சுமார் 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. ஒரு கெபாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை ஏறக்குறைய இரு மடங்காக்கி மேக்னட்ரானுக்குக் கொடுக்கின்றன. பிளக்கை எடுத்த பிறகும் அந்தக் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது பழுதாகியிருந்தால்? உயிரே போகலாம். கம்ப்யூட்டர் கேபினட்டோடு இதை ஒப்பிட்டது என் அறியாமை. பழைய பிக்சர் டியூப் மானிட்டரைத் திறந்து பழகியவர்களுக்கு வேண்டுமானால் இந்த பயம் புரியும்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஓவனைத் தொடுவதற்கு முன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா என்னம்மா செஞ்சீங்க?"

"சாம்பார் சூடு பண்ணிட்டு இருந்தேன். பாதியில கதவைத் திறந்தேன். 'டப்'புன்னு ஒரு சத்தம். அதோட சரி."

"அப்ப கதவு ஸ்விட்ச்தான்" என்றார், மூடியைக் கழற்றாமலே!

விஷயம் இதுதான். ஓவன் கதவின் கொக்கிகளுக்குப் பின்னால் வழக்கமாக மூன்று சிறிய ஸ்விட்ச்கள் இருக்கும். கதவு திறந்தால் முதல் இரண்டும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்க வேண்டிய ஸ்விட்ச்சின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், கதவு திறந்திருக்கும்போதும் மைக்ரோவேவ் அலைகள் வெளியே வரும் ஆபத்து உண்டு. அதைத் தடுப்பது மூன்றாவது ஸ்விட்ச்சின் வேலை. அது வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்து பியூஸை எரித்துவிடும். அம்மா கேட்ட 'டப்' அதுதான். அந்த ஓவன் கெட்டுப்போகவில்லை, அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது.

அண்ணன் முதலில் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தார். பிறகு மூன்று ஸ்விட்ச்களையும் பியூஸையும் மாற்றினார். கதவைத் திறந்து மூடி மீட்டரில் சோதித்தார். கூலியோடு சேர்த்து 650 ரூபாய். போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பியூஸை மட்டும் மாற்றியிருந்தால்?

நான் செய்ய நினைத்தது அதைத்தான். நல்லவேளையாக அது உடனே மறுபடி எரிந்திருக்கும். சிலர் அப்போது பெரிய பியூஸ் போடுவார்கள், அல்லது மூன்றாவது ஸ்விட்ச்சின் வயரையே கழற்றிவிடுவார்கள். ஓவன் ஓடும், காவல்காரன் மட்டும் இருக்க மாட்டான். எரர் மெசேஜ் வராமல் தடுத்துவிட்டு, 'பக் சரியாகிவிட்டது' என்று சொல்கிற புரோகிராமர் வேலை இது. பியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் ரிப்பேர்.

இன்னொரு கேள்வி. ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் 'பீப்' ஒலி எழுப்பி ரேமில் கோளாறா, டிஸ்ப்ளே கார்டில் கோளாறா என்று சொல்லிவிடும். அதன் அர்த்தம் மதர்போர்டு மேனுவலில் இருக்கும். ஓவன் மேனுவலில் 'சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்பதைத் தாண்டி என்ன இருக்கிறது? உள்ளே ஹை வோல்டேஜ் இருப்பதால் வாடிக்கையாளரைத் திறக்க விடக் கூடாது என்று கம்பெனிகள் சொல்வது நியாயம். ஆனால் அதைக் காரணம் காட்டி, தொழில் தெரிந்த மெக்கானிக்கிடமிருந்தும் சர்வீஸ் மேனுவலையும் உதிரி பாகங்களையும் மறைப்பது நியாயமில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'ரைட் டு ரிப்பேர்' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. ரிப்பேர் செய்வது நம் உரிமை என்று அரசே பேசுகிறது. நாமும் கடையில் பொருள் வாங்கும்போதே ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

உங்கள் ஓவன் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மூடியைக் கழற்றாமல் செய்யக்கூடியவை உண்டு. அதே பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸைச் சொருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம், சுவரில் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டே சரி. சைல்டு லாக் விழுந்திருக்கிறதா, கதவுக் கொக்கியில் உணவுத் துணுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே எரிந்து, ஸ்டார்ட் மட்டும் ஆகாவிட்டால் கதவு ஸ்விட்ச் அல்லது கீபேடைச் சந்தேகிக்கலாம். தட்டு சுற்றியும் உணவு சூடாகாவிட்டால் ஹை வோல்டேஜ் பகுதியில் கோளாறாக இருக்கலாம்.

அதற்கு மேல் மெக்கானிக் வேலை. 'போர்டு போச்சு' என்றால் எப்படிச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

சர்வீஸ் சென்டர்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆபீசில் யூசரிடம் 'கடைசியாக என்ன செய்தீர்கள்?' என்று கேட்காமல் எந்த பக்கையும் நான் தொடுவதில்லை. அம்மாவிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே!