தாம்பரம் லைனில் ஓடிய கரன்ட் இன்ஜின் டெல்லியில் நிற்பது ஏன்? ரயில் மியூசியம் எப்படி உருவாகிறது?

கீழ்க்கட்டளையில் ரயில் நிலையம் கிடையாது. ஆனா பல்லாவரமோ குரோம்பேட்டையோ போய் மின்சார ரயில் பிடிக்காத வீடு அங்கே குறைவுதான். தென்சென்னைப் புறநகர் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அந்த ஒரு லைன் முக்கியக் காரணம். ஆனால், அந்த லைனில் முதல் காலத்தில் ஓடிய மின்சார இன்ஜினைப் பார்க்கணும்னா டெல்லிக்குத்தான் டிக்கெட் எடுக்கணும்.

எந்த இன்ஜின் அது?

கடற்கரை – தாம்பரம் இடையே மின்சார ரயில் வந்தது 1931-ல். அப்போது அது மீட்டர் கேஜ். ஓடியது 1,500 வோல்ட் டிசி மின்சாரத்தில். அந்தத் தடத்துக்காகவே இங்கிலாந்தில் இருந்து வந்த சில இன்ஜின்களின் வகைப் பெயர் ஒய்.சி.ஜி-1. 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ், 'சி' என்றால் டிசி, 'ஜி' என்றால் சரக்கு.

1967-ல் இந்தத் தடம் 25,000 வோல்ட் ஏசி மின்சாரத்துக்கு மாறியது. டிசி இன்ஜினுக்கு இங்கே வேலை போச்சு. அந்த நேரத்தில் சென்னையில் ரயில் மியூசியமே இல்லை. டெல்லி சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977-ல் திறக்கப்பட்டது. ஒரு ஒய்.சி.ஜி-1 அங்கே போய்ச் சேர்ந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பகுதியில் சென்னை ரயில் அருங்காட்சியகம் வந்தது 2002-ல்தான்.

அருங்காட்சியகத்தில் எது நிற்கும் என்பதை வரலாற்று மதிப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்தப் பொருள் வேலையை விட்டு ஓயும் நாளில் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பாதி விஷயம். இடம் இல்லையென்றால் அது ஏலத்தில் பழைய இரும்பாகப் போகும்.

மீட்டர் கேஜ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் தண்டவாள இடைவெளி 1 மீட்டர்; அகலப்பாதையில் 1.676 மீட்டர். பாதையை மாற்றிவிட்டால் பழைய பெட்டியை இழுத்துப் போகக்கூட வழி இருக்காது, டிரெய்லர் லாரிதான். கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றுபோனது. நாற்பது வயதைத் தாண்டிய புறநகர்வாசிகளுக்கு அந்தக் குறுகலான பெட்டி ஞாபகம் இருக்கும்.

பாதுகாத்தால் என்ன ஆகும்?

1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர்.-21 நீராவி இன்ஜினைப் பாருங்கள். ஓய்வு பெற்று நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப்பொருளாக நின்ற அதை, 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனை ஊழியர்கள் மறுபடியும் ஓட வைத்தார்கள். எழும்பூர் – கோடம்பாக்கம் இடையே, நம்ம தாம்பரம் லைனிலேயே, அது ஓடியது. தொலைந்துபோயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பழைய ரயிலை உயிர்ப்பிக்கும் கைகள் இந்த ஊரில் இருப்பதுதான் சென்னையின் பலம். 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். இன்னும் பெட்டி செய்துகொண்டிருக்கிறது. முதல் வந்தே பாரத் ரயில் பிறந்ததும் அங்கேதான்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்துவிட்டது. புறநகர் ரயில் பெட்டியின் ஆயுள் பொதுவாக 25 வருஷம். அந்தக் கணக்குப்படி, 2004-ஐ ஒட்டி வந்த பெட்டிகளுக்கு ஓய்வுக்காலம் நெருங்குகிறது. தினமும் லட்சக்கணக்கானோர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போன பெட்டியை யாரும் பாரம்பரியம் என்று நினைப்பதில்லை. 1967-ல் டிசி இன்ஜினையும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்! அதிலிருந்து ஒரே ஒரு பெட்டியையாவது ஒதுக்கி வைப்பதற்கான முடிவை எடுக்கவேண்டிய நேரம், கடைசி ரயில் நிற்பதற்கு முன்னால்தான்.

கீழ்க்கட்டளையில் இருந்து எப்படிப் போவது?

இப்போதைக்கு பல்லாவரத்தில் ரயில் ஏறி பூங்கா நிலையம், அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் கடந்து ஆவடி மார்க்க ரயிலில் வில்லிவாக்கம். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் முழுசா திறந்துவிட்டால் இந்த மாறி ஏறும் வேலை இருக்காது. அந்தத் தடத்தில் கீழ்க்கட்டளை, வில்லிவாக்கம் இரண்டுமே வருகின்றன.